முதல் எட்டு பைட்டுகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு போன் பேச்சு உண்டு. "சார், நீங்க அனுப்புன டிராயிங் ஓபன் ஆவல. லோயர் வெர்ஷன்ல சேவ் பண்ணி அனுப்புங்க." மறுமுனையில் இருப்பவருக்குக் குழப்பமாக இருக்கும். அனுப்பியது டிடபிள்யூஜி கோப்பு. அவருடைய கணினியில் திறக்கிறது. பட்டறைக் கணினியிலும் நேற்றுவரை எத்தனையோ டிடபிள்யூஜி கோப்புகள் திறந்திருக்கின்றன. பெயரும் ஐகானும் அதேதான். பிறகு ஏன் இது மட்டும் அடம் பிடிக்கிறது?

அந்தக் கோப்பை ஆட்டோகேடில் திறக்காமல் நோட்பேடில் திறந்து பாருங்கள். திரை முழுக்கப் பொருளற்ற குறிகள் கொட்டும். ஆனால் முதல் ஆறு எழுத்துகளை மட்டும் தெளிவாகப் படிக்கலாம்: ஏசி1032. ஆட்டோகேட் 2018-இல் வந்த கோப்பு வடிவத்தின் அடையாளம் அது. அந்த இடத்தில் ஏசி1027 இருந்தால் 2013-இன் வடிவம். ஏசி1024 என்றால் 2010. ஏசி1015 என்றால் 2000. பட்டறையில் இருப்பது 2010-இன் மென்பொருள் என்றால் ஏசி1032-ஐப் பார்த்ததுமே கையை விரித்துவிடும். அதற்கு மேல் ஒரு கோட்டைக்கூட அது படித்துப் பார்ப்பதில்லை. போனில் அரைமணி நேரம் நடக்கும் வாக்குவாதத்துக்கான விடை, கோப்பின் முதல் ஆறு பைட்டுகளுக்குள் இருக்கிறது.

ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஏதோ ஓர் எண். படமோ, பாட்டோ, கட்டட வரைபடமோ, கணினிக்கு எல்லாமே இந்த எண்களின் வரிசைதான். வரிசையைப் பார்த்து 'இது இன்ன வகை' என்று சொல்ல இரண்டு வழிகள். ஒன்று, பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை நம்புவது. மற்றது, உள்ளே எட்டிப் பார்ப்பது. அரிசி மண்டிக்காரர் மூட்டைமேல் அச்சிட்ட பெயரைப் படித்து விலை பேசுவதில்லை. குத்தூசியைச் செருகி நாலு மணியை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். இந்த அத்தியாயம் அந்தக் குத்தூசியைப் பற்றியது.

பெயரின் கடைசியில் மூன்றெழுத்து ஒட்டும் பழக்கம் 1970-களில் டெக் நிறுவனக் கணினிகளில் இருந்தது. கேரி கில்டால் அதைத் தன் சிபி/எம் இயங்குதளத்துக்கு எடுத்துக்கொண்டார். அங்கிருந்து 1981-இல் எம்எஸ்-டாஸுக்கு வந்தது, பிறகு விண்டோஸுக்கு. பெயருக்கு எட்டெழுத்து, வகைக்கு மூன்றெழுத்து என்ற அந்தக் காலத்துச் சிக்கனம் இன்றும் நம் விரல்களில் இருக்கிறது. இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கோப்பின் பெயர் கோப்புக்குள் இல்லை. வட்டின் அட்டவணையில் தனியாக இருக்கிறது. பெயரை மாற்றினால் உள்ளே ஒரு பைட்கூட மாறாது. ஐபோனில் எடுத்த ஹெய்க் படத்தின் பெயரை மட்டும் ஜேபிஜி என்று மாற்றி, ஆவடியில் ஏதாவதொரு பிரவுசிங் சென்டரில் அரசுத் தேர்வு விண்ணப்பத்தில் ஏற்ற முயல்பவருக்கு, அந்தத் தளம் ஏன் திரும்பத் திரும்ப 'செல்லாது' என்கிறது என்பது புரியாது. தளம் பெயரைப் பார்க்கவில்லை. ஜேபெக் படம் 255, 216, 255 என்று தொடங்க வேண்டும். இது அப்படித் தொடங்கவில்லை.

ஆடிட்டர் அலுவலகங்களில் இதற்கு நேரெதிரான கூத்து நடக்கும். வங்கித் தளத்திலிருந்து இறக்கிய எக்ஸ்எல்எஸ் கோப்பைத் திறந்தால், 'வடிவமும் பெயரும் பொருந்தவில்லை' என்று எக்செல் முறைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது வெறும் வலைப்பக்கம், அல்லது டேப் வைத்துப் பிரித்த உரை. எக்செல் திறக்கட்டும் என்பதற்காக யாரோ ஒரு நிரலர் பெயரை மட்டும் ஒட்டி அனுப்பிவிட்டார். அசல் பழைய எக்செல் கோப்பு 208, 207, 17, 224 என்று தொடங்கும்.

உள்ளே பார்த்து வகை சொல்லும் வழக்கம் யூனிக்ஸில் பிறந்தது. அதன் கதை எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அது அடையாளமாக இருக்க வேண்டும் என்று யாரும் தொடங்கியதல்ல. பெல் ஆய்வகத்தில் பிடிபி-11 கணினியில் இயங்கிய நிரல் கோப்புகள் எட்டின் அடுக்கு எண்முறையில் 407 என்ற எண்ணோடு தொடங்கின. அந்தக் கணினியின் மொழியில் 407 என்பது ஒரு கட்டளை: 'இங்கிருந்து ஏழு சொல் தாண்டிப் போ'. கோப்பின் முதல் எட்டுச் சொற்களில் நிரலின் அளவு போன்ற விவரங்கள் இருந்தன. அவற்றைக் கட்டளையென்று நினைத்துக் கணினி இயக்கிவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே ஒரு தாவல் வைத்தார்கள். வழிவிடுவதற்காக வைத்த அந்த எண்ணையே பின்னர் அடையாளமாகவும் எடுத்துக்கொண்டார்கள். மேஜிக் நம்பர் என்ற செல்லப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. 1973-இல் வெளிவந்த நான்காம் பதிப்பு யூனிக்ஸில் 'ஃபைல்' என்ற கட்டளை இருந்தது. கோப்பின் தொடக்கத்தைப் பார்த்து வகையைச் சொல்வதுதான் அதன் வேலை. இன்று லினக்ஸில் நாம் தட்டும் 'ஃபைல்' கட்டளை, கனடாவைச் சேர்ந்த இயன் டார்வின் 1980-களின் பிற்பாதியில் புதிதாக எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டதன் வழியில் வந்தது. ஆயிரக்கணக்கான முத்திரைகளின் பட்டியல் அதோடு வருகிறது.

முத்திரைகளில் சில அப்பட்டமான சுயவிளம்பரம். விண்டோஸ் நிரல் ஒவ்வொன்றும், நேற்று எழுதியதாக இருந்தாலும், 77, 90 என்று தொடங்கும். எம், இசட் என்ற எழுத்துகளின் எண்கள் அவை. மைக்ரோசாஃப்டில் டாஸ் எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் தலைப்பெழுத்துகள். ஜிப் கோப்பின் 80, 75 என்பது பி, கே. 1989-இல் பிகேஜிப் வெளியிட்ட ஃபில் காட்ஸ்.

ஆனால் முத்திரையை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று பாடம் நடத்துவது பிஎன்ஜி படத்தின் எட்டு பைட்டுகள்தான்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. ஜிஃப் படங்களுக்குப் பின்னால் இருந்த சுருக்கு முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்டு 1994 கடைசியில் கிளம்பிய சண்டையில் பிறந்தது பிஎன்ஜி. அதை உருவாக்கியவர்கள், அஞ்சலிலும் மோடத்திலும் போகும் கோப்பு எப்படியெல்லாம் நாசமாகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். முதல் எண் 137. அது 127-ஐவிடப் பெரியது. அதனால் எட்டாவது பிட்டை வெட்டிவிடும் பழைய அஞ்சல் வழியில் போனால் 9 ஆகிவிடும், உடனே பிடிபடும். அடுத்த மூன்றும் பி, என், ஜி. பிறகு வரும் 13, 10 இரண்டும் சேர்ந்து டாஸ் முறையில் வரி முடிவு. கோப்பை உரையென்று தவறாக எண்ணி யாராவது வரிமுடிவுகளைத் திருத்தியிருந்தால் இந்த இடம் கெட்டிருக்கும். 26 என்பது டாஸில் 'உரை முடிந்தது' என்ற குறி. கறுப்புத் திரையில் படத்தைத் தெரியாமல் காட்டச் சொன்னால் குப்பை கொட்டாமல் அங்கேயே நின்றுவிடும். கடைசி 10, எதிர்த்திசையில் வரிமுடிவு மாற்றம் நடந்ததா என்று பார்க்க. எட்டே பைட்டுகளில் வகையும் தெரிகிறது, வந்த வழியில் அடிபட்டதா என்பதும் தெரிகிறது. இவ்வளவு யோசித்து வைத்த முத்திரை அபூர்வம்.

பட்டறைப் பக்கம் இன்னொரு நல்ல முத்திரை உண்டு, பலருக்கு அது முத்திரை என்றே தெரியாது. சிஎன்சி லேத்துக்கு எழுதும் புரோகிராம் பெரும்பாலும் % என்ற ஒற்றைக் குறியோடு தொடங்கும். துளையிட்ட காகித நாடாவில் புரோகிராம் ஓடிய காலத்தின் மிச்சம் அது. நாடாவின் முனையில் கையால் எழுதிய குறிப்பும் வெற்றுத் துளைகளும் இருக்கும். % வரும்வரை எதையும் பொருட்படுத்தாதே என்பது இயந்திரத்துக்கான உத்தரவு. பிடிஎஃப் கோப்பும் %-இல்தான் தொடங்குகிறது, அது வேறு காரணத்தால். ஒரே ஒரு பைட்டை நம்பினால் இன்வாய்ஸும் லேத் புரோகிராமும் ஒன்றாகத் தெரியும்.

முத்திரை எத்தனை பைட் நீளம் என்பது எவ்வளவு முக்கியம் என்று 2023 டிசம்பரில் அம்பத்தூர்க்காரர்கள் சிலர் கற்றுக்கொண்டிருக்கக்கூடும். அந்த மாதம் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. தரையோடு பதித்த லேத்துகளும் மோட்டார்களும் மூழ்கின. மேஜைக்குக் கீழே வைத்த சிபியுவுக்கும் அதே கதிதான் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க்கைப் பலர் காற்றுப் புகாத பெட்டி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் காற்றழுத்தத்தைச் சமன்படுத்த ஒரு சிறு துளை உண்டு, அதன் வழியே தண்ணீரும் போகும். வெயிலில் காய வைத்து, மறுநாள் கரண்ட் கொடுத்துப் பார்ப்பதைவிடக் கெட்ட வைத்தியம் இல்லை. தட்டில் காய்ந்த சேற்றுப் படிவத்தின்மேல், அதற்குச் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்க வேண்டிய ஹெட் மோதும்.

சரியான கைகளுக்குப் போன டிஸ்க்கைச் சுத்தம் செய்து, முதல் வேலையாகப் படிக்க முடிந்த அத்தனை பைட்டுகளையும் இன்னொரு டிஸ்க்கில் அப்படியே நகலெடுப்பார்கள். நகலில் பல சமயம் அட்டவணை இருக்காது. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது, பெயர் என்ன, நீளம் என்ன, எதுவும் தெரியாது. எண்களின் கடல் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் முத்திரைகள் சோறு போடும். கடலில் நடந்துகொண்டே போய், 255, 216, 255 கண்டால் 'இங்கே ஒரு ஜேபெக் தொடங்குகிறது' என்று எழுதிக்கொள்ள வேண்டும்; 255, 217 கண்டால் 'இங்கே முடிகிறது'. ஏசி1032 கண்டால் ஒரு டிராயிங். கார்விங் என்று இதற்குப் பெயர். அமெரிக்க விமானப்படையின் புலனாய்வுப் பிரிவில் எழுதப்பட்ட ஃபோர்மோஸ்ட், கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய போட்டோரெக் இரண்டும் இதற்கான இலவச மென்பொருள்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டெராபைட் டிஸ்க். கோப்புகள் கண்ட இடத்தில் தொடங்குவதில்லை. பெரும்பாலும் 4096 பைட் கொண்ட துண்டுகளின் எல்லையில்தான் தொடங்கும். ஆக சுமார் 24 கோடி இடங்களைச் சோதித்தால் போதும். மூன்று குறிப்பிட்ட பைட்டுகள் தற்செயலாக வரிசையாக அமைய வாய்ப்பு 1.68 கோடியில் ஒன்று. டிஸ்க் முழுக்கத் தாறுமாறான எண்களாகவே இருந்தாலும் ஜேபெக் என்று பொய்யாகத் தோன்றும் இடங்கள் பதினைந்துக்குள். அதே டிஸ்க்கில் 77, 90 என்ற இரண்டே பைட் முத்திரையைத் தேடினால் பொய்ப்பிடி மூவாயிரத்து எழுநூறைத் தாண்டும். ஒரே பைட் % என்றால் ஒன்பது லட்சத்துக்கும் மேல். பிஎன்ஜியின் எட்டு பைட்டுகள் தற்செயலாக அமையும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்.

தொடக்கம் கிடைப்பது இவ்வளவு எளிது. தொல்லை முடிவில் இருக்கிறது. கேமரா எடுக்கும் ஜேபெக் படத்துக்குள் முன்னோட்டத்துக்கான குட்டி ஜேபெக் ஒன்று முழுசாக உட்கார்ந்திருக்கும், அதற்கும் தன் சொந்த 255, 217 உண்டு. அவசரக்கார மென்பொருள் அதைக் கண்டதும் வெட்டிவிட, கையில் மிஞ்சுவது தபால்தலை அளவுப் படம். டிடபிள்யூஜிக்கு அப்படி எளிய முடிவுக் குறியே இல்லை. குத்துமதிப்பாக ஓர் அளவு வைத்து வெட்டுவதுதான் வழி. கோப்பு வட்டில் ஒரே துண்டாக இல்லாமல் சிதறிக் கிடந்தால் தொடக்கம் கிடைத்தும் பயனில்லை. பழைய டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்த சிம்சன் கார்ஃபிங்கல் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஜேபெக் படங்களில் சிதறியிருந்தவை 16 சதவீதம். அவுட்லுக் அஞ்சல் கோப்புகளில் 58 சதவீதம். நாள்தோறும் வளரும் கோப்பு நாலு இடத்தில்தான் படுத்திருக்கும். பேக்கப் எடுக்காத கம்பெனி மெயிலை மீட்பது கல்யாண ஆல்பத்தை மீட்பதைவிடக் கடினம் என்று டேட்டா ரெகவரி கடைக்காரர் சொன்னால், அதைக் காசு கறக்கும் பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்எஸ்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். அழித்த கோப்பின் இடத்தை அது தானாகவே துடைத்து வைத்துவிடும்.

எல்லா முத்திரையும் முதலிலேயே இருப்பதில்லை. ஸ்கேன் சென்டரில் தரும் சிடியைத் திறந்தால் பெயருக்குப் பின் புள்ளியே இல்லாத கோப்புகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை டைக்காம். முதல் 128 பைட்டுகள் காலியிடம், பெரும்பாலும் சுழிகள். அதற்குப் பிறகுதான் 68, 73, 67, 77. டார் கோப்பு தன் முத்திரையை 257 பைட்டுகள் தாண்டி வைத்திருக்கிறது. முப்பரிமாண அச்சுக்குப் போகும் எஸ்டிஎல் இன்னும் மோசம். அதன் உரை வடிவம் 'சாலிட்' என்ற சொல்லோடு தொடங்கும், ஆனால் எண் வடிவத்தின் முதல் 80 பைட்டுகளில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். சில மென்பொருள்கள் அங்கேயும் 'சாலிட்' என்றே எழுதி வைக்கின்றன. கோப்பின் நீளத்தை முக்கோணங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வகை சொல்ல முடியாது.

ஜிப்புக்கு வருவோம், ஏனென்றால் பணம் பறிபோகும் இடம் அது. வேர்டு, எக்செல் கோப்புகள் 2007 முதல் உள்ளுக்குள் ஜிப்தான். ஆண்ட்ராய்டு ஆப் கோப்பான ஏபிகேயும் ஜிப். எல்லாமே 80, 75, 3, 4. வாட்ஸப்பில் 'எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழ்' என்றோ, போக்குவரத்து அபராத ரசீது என்றோ வந்து, தொட்டதும் 'இன்ஸ்டால் செய்யவா' என்று கேட்கும் கோப்பு, பத்திரிகையும் இல்லை ரசீதும் இல்லை. குறுஞ்செய்திகளையும் ஓடிபியையும் திருடும் ஏபிகே. இங்கே முதல் நான்கு பைட்டைப் பார்த்து 'ஜிப், பரவாயில்லை' என்று விட்டுவிடும் வடிகட்டி ஏமாந்துபோகும்; உள்ளே போய், ஏபிகேக்கே உரிய கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மின்னூல்களுக்கான இபப் வடிவம் இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்தது. ஜிப்புக்குள் முதல் கோப்பாக, சுருக்காமல், தன் வகையையே எழுதி வைக்கச் சொல்கிறது. அதனால் 38 பைட்டுகள் தாண்டியதும் 'நான் இபப்' என்று படித்துவிடலாம்.

ஏமாற்ற நினைப்பவனுக்கு முத்திரையும் தடையில்லை. ஜேபெக்கைப் படிக்கும் மென்பொருள் முன்னாலிருந்து படிக்கிறது. ஜிப் படிக்கும் மென்பொருள் கடைசியில் இருக்கும் பட்டியலிலிருந்து தொடங்குகிறது. ஒரு படத்தின் வாலில் ஒரு ஜிப்பை ஒட்டினால், இரண்டும் தத்தம் மென்பொருளில் ஒழுங்காகத் திறக்கும். 'இது என்ன வகை' என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் ஒரே விடை கிடையாது. பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் போன்ற இடங்களில் ஒரு பென் டிரைவ் சான்றாக வரும்போது வகையைவிடப் பெரிய கேள்வி வேறு: கைப்பற்றிய அன்று இருந்த அதே பைட்டுகள்தானா? அதற்கு ஹாஷ் வேண்டும். கோப்பு முழுவதையும் கணக்கிட்டு எடுக்கும் எண் அது. ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம், மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் இந்த ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. முத்திரையால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

இத்தனைக்கும் பிறகு, முத்திரையே இல்லாத ஒரு வகை மிச்சமிருக்கிறது. அதுதான் நமக்கு மிக நெருக்கமானது: வெறும் உரை. ஒரு தமிழ்க் கதையை இன்று யுனிகோடில், யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆகும். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. 'தமிழ்' என்ற சொல் 224, 174, 164 என்று தொடங்கி 224, 175, 141 என்று முடியும் பதினைந்து பைட்டுகள். தனியாக முத்திரை வேண்டியதில்லை. கோப்பின் எந்த மூலையில் குத்தூசி செருகினாலும் 224 வந்து விழும்.

1990-களில் தட்டிய கோப்புகளின் கதை வேறு. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஓர் எண் வரிசை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டேம், டேப் என்ற இரண்டு தரங்கள் முன்வைக்கப்பட்டன. இணையத்தில் இயங்கிய ஆர்வலர்கள் டிஸ்கியை வளர்த்திருந்தார்கள். ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடமும், இங்கே பல டிடிபி சென்டர்களிலும் பாமினி ஓடியது. பாமினியில் 'தமிழ்' என்பது 106, 107, 112, 111, 59. ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. 'ஃபைல்' கட்டளையிடம் கேட்டால் 'ஆஸ்கி உரை' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அது பொய்யும் இல்லை. ஒவ்வொரு பைட்டும் ஆங்கில எழுத்துதான். இது தமிழ் என்ற செய்தி, எந்த எழுத்துருவில் பார்க்க வேண்டும் என்று அறிந்த ஆளின் தலைக்குள் மட்டுமே இருந்தது.

இப்படிப்பட்ட கோப்பை வகைப்படுத்த எண்ணிக்கைதான் துணை. ஆங்கில உரையில் அரைப்புள்ளி பக்கத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். பாமினியில் அது புள்ளியின் குறி. ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும், சொல்லின் நடுவிலேயே வரும். எச் என்ற எழுத்து அங்கே துணைக்கால், அதுவும் அள்ளித் தெளித்ததுபோல் கிடக்கும். டிஸ்கியிலும் டேபிலும் 127-க்கு மேற்பட்ட எண்கள் குவியும், ஆனால் வெவ்வேறு இடங்களில். முதல் சில ஆயிரம் பைட்டுகளில் எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, ஒவ்வொரு குறியாக்கத்திலும் தமிழ் எப்படி விழும் என்ற அட்டவணையோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தபின் யுனிகோடுக்கு மாற்றி, மெய்யெழுத்தில் தொடங்கும் சொற்கள் திடீரென்று பெருகியிருக்கின்றனவா என்று பார்த்தால் தேர்வு தவறா என்பதும் தெரியும். தமிழ்ச் சொல் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது என்று தொல்காப்பியர் வகுத்த விதி, இங்கே ஒரு நிரலின் சோதனை வரியாக நிற்கிறது. 'ஸ்டவ்', 'ப்ரியா' போன்றவை அந்த வரியை மீறும், ஆகவே நூற்றுக்கு இரண்டு மூன்று சொற்கள்வரை மன்னித்துவிடச் சொல்லி வைப்பது நல்லது.